செய்திக்காகச் சுழன்ற சக்கரங்கள்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கான மின்சாரம் நின்றுபோனது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்குள்ள வீடுகளில் மின்விளக்கு எரியவில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதியிலோ அவ்விருள் அதனினும் நீண்ட காலம் நீடித்தது. எரிபொருள், சீமெந்து, உரம் என நீண்டு சென்ற பொருளாதாரத் தடைப் பட்டியலில், வானொலிப் பெட்டிக்கு இடுகின்ற சிறிய பற்றரியும் இடம்பெற்றிருந்தது. மண்ணெண்ணெயின் விலை சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திய சிக்கன விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர்.

அந்த இருளில் மக்கள் தமது உடல் வலுவைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கினார்கள். அவ்வாறு உண்டாக்கிய மின்சாரத்தை எதற்காகச் செலவிட்டார்கள் என்பது, புலம்பெயர் நாடுகளில் பிறந்து வளரும் இளையோர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

முற்றத்திலோ விறாந்தையிலோ ஒரு துவிச்சக்கர வண்டி தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தப்படும்; அல்லது பின்சில்லு நிலத்தில் படாதவாறு ஸ்ராண்டில் ஏற்றப்படும். சில்லின் ரயரோடு டைனமோவின் தலை அழுத்திப் பொருத்தப்படும். அதிலிருந்து புறப்படும் இரண்டு கம்பிகள் அருகில் வைக்கப்பட்டுள்ள வானொலிப் பெட்டிக்குச் செல்லும். ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் சூழ்ந்து அமர்ந்திருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் இலண்டனிலிருந்து பிபிசி தமிழோசை வரும். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ச் சேவை வரும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். உடனே கூட்டத்திலிருந்து இன்னொருவர் எழுந்து மிதியைப் பொறுப்பேற்பார். செய்தி முடியும்வரை சில்லு நிற்பதில்லை.

மறுநாட் காலையில் அச்செய்தி சனசமூக நிலையத்தில் பேசப்படும். தேநீர்க் கடையிலும், கோயில் வீதியிலும், கிணற்றடியிலும் அது கைமாறும். கேட்டவர் பத்துப் பேராயின் அறிந்தவர் நூறு பேராவர். தாள் தட்டுப்பாட்டிற்கிடையே வெளிவந்த நாளிதழின் ஒரு பிரதியைப் பலர் கூடி வாசித்த அதே சமூகம், ஒரு வானொலிப் பெட்டியையும் ஊருக்குப் பொதுவான செவியாக ஆக்கிக்கொண்டது.

இதனை வறுமையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு புலம்பெயர்ந்தோரிடையே இல்லாமலில்லை. "எப்படியெல்லாம் கஷ்டப்பட்டோம்" என்ற ஒரு வாக்கியத்துடன் பெற்றோர் அக்கதையை முடித்துவிடுகின்றனர். பிள்ளைகளும் அதனை வியப்புடன் கேட்டு மறந்துவிடுகின்றனர். ஆயினும் அந்தச் சிறு ஏற்பாட்டிற்குள் ஒரு பொறியியலும், ஒரு சமூக ஒழுங்கும், ஓர் அடிப்படை உரிமையும் அடங்கியிருந்தன. அவற்றைத் தனித்தனியே எடுத்து நோக்குவது பயனுடையது.

முதலில் பொறியியல். சைக்கிள் விளக்கிற்கென அமைந்த டைனமோ பொதுவாக 6 வோல்ற்று, 3 வாற்று அளவில் மின்சாரம் தரும். அது தருவது ஆடலோட்டம். வானொலிப் பெட்டி வேண்டுவதோ நேரோட்டம். ஆகவே ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புவதற்கு டயோட் எனப்படும் இருவாயிகள் நான்கு தேவை. திருப்பிய பின்னரும் மின்னழுத்தம் அலைபோல் ஏறி இறங்குமாதலால், அதனைச் சமப்படுத்துவதற்கு ஒரு கொள்ளளவி தேவை. இவை இல்லாவிடில் பேச்சைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். கடையில் வாங்க முடியாத இவ்வுறுப்புகள் பழுதடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டன. உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்த மாணவனும், பாடசாலையை இடையில் விட்ட திருத்துநரும் ஒரே மேசையில் அமர்ந்து இதனைச் செய்தனர். பாடப்புத்தகத்தில் படமாக இருந்த மின்சுற்று, வீட்டு முற்றத்தில் செய்தி வாசித்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு விளக்கம் தரும். நல்ல உடல்நிலையுள்ள வளர்ந்தவர் ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து மிதித்தால் ஏறத்தாழ 75 முதல் 100 வாற்று வலுவை வழங்க முடியும். டைனமோவிலும் மின்சுற்றிலும் பற்றரியிலும் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால், கையில் எஞ்சுவது 50 வாற்று அளவே எனக் கொள்ளலாம். ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 93 வாற்று-மணி சக்தி வேண்டும். அதாவது, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு குடும்பம் காலைத் தேநீருக்காகக் கேத்திலின் பொத்தானை அழுத்தும்போது செலவாகும் மின்சாரத்தை ஒருவர் மிதித்துப் பெறவேண்டுமாயின், அவர் இரண்டு மணி நேரம் வியர்வை சிந்த வேண்டியிருக்கும். அதே அளவு மின்சாரத்தைக் கொண்டு, அரை வாற்று மட்டுமே வேண்டும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றை 180 மணி நேரத்திற்கும் மேலாகப் பேசவைக்கலாம்.

மனித உடல் வழங்கும் மின்சாரம் சமையலுக்குப் போதாது, குளிரூட்டிக்குப் போதாது, ஒரு வீட்டின் விளக்குகளுக்கே அரிதாகத்தான் போதும். ஆனால் செய்திக்குத் தாராளமாகப் போதும். மனிதரின் தேவைகளுள் மிகக் குறைந்த சக்தியில் நிறைவேறக் கூடியது தகவல் தேவையே. ஓர் ஊரை முழுமையாக இருளில் வைத்திருக்க முடிந்தவர்களாலும் அவ்வூரை அறியாமையில் வைத்திருக்க முடியாமற் போனமைக்கு இந்தப் பௌதிக உண்மையும் ஒரு காரணமாகும்.

இத்தேவை ஈழத்தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இன்று தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவின் வரலாற்றிலும் மிதிப்படிக்கு ஒரு சிறப்பான இடமுண்டு. அந்நாட்டின் உள்நிலப்பகுதிகளில் கால்நடைப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் இருந்தன. அங்கு நோயுற்றவரிடம் மருத்துவர் வந்துசேர வேண்டும் என்பதற்காக யோன் பிளின் என்ற கிறித்தவப் போதகர் பறக்கும் மருத்துவச் சேவையை முன்னின்று உருவாக்கினார். அதன் முதலாவது விமானம் 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கறி நகரிலிருந்து புறப்பட்டது. விமானம் இருந்தது, மருத்துவர் இருந்தார், ஆனால் அவரை அழைப்பது எப்படி என்ற வினா எஞ்சியிருந்தது. பண்ணைகளில் தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இவ்வினாவிற்கு விடை கண்டவர் அடிலெயிட் நகரைச் சேர்ந்த அல்பிரட் றேகர் என்ற பொறியியலாளர். கையால் சுற்றும் மின்பிறப்பாக்கியை அவர் முதலில் முயன்றார். ஆனால் ஒருவர் சுற்றிக்கொண்டிருக்க, இன்னொருவர் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. பண்ணை வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்கு அது உதவாது. ஆகவே அவர் சுற்றும் வேலையைக் கையிலிருந்து காலுக்கு மாற்றினார். கால்கள் மிதித்து ஏறத்தாழ 20 வாற்று மின்சாரத்தைத் தர, விடுபட்ட கைகள் மோர்ஸ் குறியீட்டில் செய்தி அனுப்பின. 1929 இல் இந்த மிதி வானொலி முதன்முறையாகப் பண்ணைகளில் பொருத்தப்பட்டது. மோர்ஸ் குறியீட்டைப் பயில்வது பலருக்குக் கடினமாக இருந்தது என்பதைக் கண்ட றேகர், தட்டச்சு இயந்திரம் போன்று எழுத்தை அழுத்தினால் தானாகவே குறியீட்டை அனுப்பும் விசைப்பலகை ஒன்றையும் சில ஆண்டுகளில் ஆக்கித் தந்தார். பின்னர் குரலாகவே பேசும் வசதியும் வந்தது.

மருத்துவரை அழைப்பதற்காக வந்த அக்கருவியை மக்கள் தமக்குரிய வேறொன்றாகவும் ஆக்கிக்கொண்டனர். குறித்த நேரங்களில் பண்ணைப் பெண்கள் தத்தம் கருவிகளின் முன் அமர்ந்து, மழை, விலை, பிறப்பு, இறப்பு, சமையற் குறிப்பு என எல்லாவற்றையும் பரிமாறிக்கொண்டனர். இரைந்து கத்தும் கலா என்ற கிளியினத்தின் பெயரால் இந்த உரையாடல் வேளைகள் வேடிக்கையாக அழைக்கப்பட்டன. அந்த அலைவரிசையின் மீதே 1951 இல் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் வான்வழிப் பாடசாலை தொடங்கியது. பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் பாடம் படித்தனர். இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் தமது பாடசாலையில் இந்த வரலாற்றைப் படிக்கக்கூடும். அதனைப் படிக்கும்போது, தமது பாட்டனாரின் முற்றத்திலும் அத்தகைய ஒரு சக்கரம் சுழன்றது என்பதை அவர்களுக்குச் சொல்வதற்கு வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு லாவோஸ் நாட்டிலிருந்து வருகின்றது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்நாட்டின் மீது இருபது இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. அக்குண்டுகளை விமானங்களில் ஏற்றும் பணியில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர் லீ தோர்ன். போரின் பின்னர், லாவோஸிலிருந்து அமெரிக்காவில் அகதியாகக் குடியேறிய பெண்மணி ஒருவருடன் இணைந்து, அவர் ஜாய் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒருபுறம் குண்டு ஏற்றியவர். மறுபுறம் குண்டுவீச்சினால் ஊரை இழந்தவர். இருவரும் கூடி அந்நாட்டுக் கிராமங்களுக்கு உதவ முன்வந்தமை புலம்பெயர்ந்த எந்தச் சமூகமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத போன் காம் என்ற கிராமத்தின் மக்கள் தமக்குத் தேவையானவை எவை எனக் கூறினர். தமது விளைபொருளுக்குச் சந்தையில் என்ன விலை எனத் தெரிய வேண்டும். நகரத்திலும் கடல் கடந்தும் வாழும் உறவினருடன் பேச வேண்டும். இதற்கெனக் கணினி ஒன்றை வடிவமைத்தவர் லீ பெல்சன்ஸ்ரைன். 1981 இல் வெளிவந்த ஒஸ்போர்ன் 1 என்ற கைகொண்டு செல்லத்தக்க கணினியை ஆக்கியவரும் அவரே. சுழலும் உறுப்பு எதுவும் இல்லாமல், தூசியையும் ஈரத்தையும் தாங்கி, இருபது வாற்றுக்கும் குறைவான மின்சாரத்தில் இயங்குமாறு அக்கணினி திட்டமிடப்பட்டது. மிதிப்படி மின்பிறப்பாக்கி ஒரு பற்றரியை ஊட்ட, அப்பற்றரி கணினியை இயக்கும். கம்பியில்லா இணைப்பு மலைமுகட்டில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் அஞ்சல் நிலையத்தின் ஊடாக வெளியுலகைத் தொடும். லினக்ஸ் இயங்குதளம் லாவோ மொழியில் அமைக்கப்பட்டது.

2002, 2003 ஆண்டுகளில் உலகப் பத்திரிகைகள் பலவும் இதனைப் பாராட்டி எழுதின. ஆனால் 2003 பெப்ரவரியில் திட்டமிடப்பட்ட தொடக்கம் கைகூடவில்லை. எதிர்பார்க்கப்பட்டது போன்று அத்திட்டம் கிராமந்தோறும் பரவவும் இல்லை. நோக்கத்தில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. எனினும் கணினி, கம்பியில்லா இணைப்பு, அஞ்சல் நிலையம், மொழிபெயர்த்த மென்பொருள், இணையத் தொடர்பு ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் ஒழுங்காக இயங்கினாலன்றி அக்கிராமத்திற்கு எதுவும் கிட்டாது என்பதே அதன் அமைப்பு. அச்சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் அதனைத் திருத்தக்கூடியவர் கிராமத்திற்கு வெளியிலேயே இருந்தார்.

இம்மூன்று முயற்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. யாழ்ப்பாணத்து டைனமோவை ஆக்கியவரும், சுற்றியவரும், திருத்தியவரும், பயன்பெற்றவரும் ஒரே ஊரவர். அவுஸ்திரேலியாவில் ஆக்கியவர் வெளியாராயினும், பண்ணை வீட்டுப் பெண் தனியே இயக்கக் கூடியதாகவே அக்கருவியைச் செய்து கொடுத்தார். அவளுக்கு எது இயலவில்லையோ அதற்கேற்பக் கருவியையே மாற்றினார். லாவோஸில் ஊரவரின் தேவை மதிப்புடன் கேட்டறியப்பட்டது. ஆனால் கருவியின் உயிர் ஊரவரின் கைக்கு வெளியே இருந்தது. சமூகமொன்றின் தகவல் வழி நிலைத்து நிற்பதற்கு, அந்தச் சமூகமே அதனை இயக்கவும் திருத்தவும் கூடியதாக இருத்தல் வேண்டும்.

இப்பாடம் புலம்பெயர் அமைப்புகளுக்கு நேரடியாக உரியது. தாயகத்துப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் கணினிகளை அனுப்பும் ஆர்வம் எல்லா நாடுகளிலும் காணப்படுகின்றது. அனுப்பப்படும் நாளில் படம் எடுக்கப்படுகின்றது. கையளிக்கும் நாளிலும் படம் எடுக்கப்படுகின்றது. ஈராண்டு கழித்து அப்பெட்டி என்னவாயிற்று எனப் பார்ப்பவர் குறைவு. உதவி புறப்படுவதற்கு முன்னர் மூன்று வினாக்களுக்கு விடை காணப்பட வேண்டும். பழுதடைந்தால் அவ்வூரில் திருத்துபவர் யார்? மாதாந்த மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் செலுத்துபவர் யார்? எந்தத் தகவல் வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவ்வூரவரா, அனுப்புபவரா? இவற்றிற்கு விடையில்லாத உதவி, எவ்வளவு அன்புடன் அனுப்பப்பட்டாலும், சில ஆண்டுகளில் தூசி படிந்த பெட்டியாகவே எஞ்சும். பத்துக் கணினிகளை அனுப்பும் பணத்தில் ஆறு கணினிகளை அனுப்பி, எஞ்சிய பணத்தில் அவ்வூர் இளைஞர் இருவருக்குத் திருத்தும் பயிற்சி அளிப்பது மேலானது.

இனி, இன்றைய நிலைக்கு மிதிப்படி பொருந்துமா என்ற வினாவையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மின்சாரத்தின் அளவை மட்டும் நோக்கினால் விடை எளிது. 100 வாற்றுச் சூரியத் தகடு ஒன்று யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு நாளில் ஏறத்தாழ 400 வாற்று-மணி மின்சாரத்தைத் தரும். அதனை மிதித்துப் பெற எட்டு மணி நேரம் வேண்டும். ஆகவே இரண்டும் கிடைக்கும் இடத்தில் சூரியத் தகட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மிதிப்படியின் பயன் அவசர வேளைக்கு உரியது: மழைக்காலத்து இரவில், புயலின் பின்னர், தகடு உடைந்து மாற்றுத் தகடு வராத நிலையில். கைத்தொலைபேசியின் பற்றரி பொதுவாக 15 வாற்று-மணி அளவினது. ஒருவர் ஒரு மணி நேரம் மிதித்தால் மூன்று தொலைபேசிகள் உயிர் பெறும். வெள்ளத்தில் அகப்பட்ட கிராமம் ஒன்றிற்கு அம்மூன்று தொலைபேசிகளின் மதிப்பு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, இருள் மீண்டும் வரக்கூடியது என்பதைத் தென்னிலங்கையும் கண்டுகொண்டது.

ஆனால் வேறொரு வினா இதனினும் பாரதூரமானது. 1990 களில் யாழ்ப்பாணத்தவர் தமது டைனமோவினால் மின்சாரத்தை மட்டுமே ஆக்கினர், குரலை ஆக்கவில்லை. அக்குரல் இலண்டனிலிருந்தும் மணிலாவிலிருந்தும் சிற்றலையில் வந்தது. கடல்களைத் தாண்டி வந்த அந்த அலையை இடையில் நிறுத்துவது எளிதாக இருக்கவில்லை. இன்றைய தொலைபேசியோ அருகிலுள்ள கோபுரத்தை நம்பியிருக்கின்றது. கோபுரம் நின்றால், பற்றரி நிறைந்திருந்தும் செய்தி வராது. இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அரச ஆணையினால் முடக்கப்பட்டன. இணையத்தை முழுமையாகவே நிறுத்தும் வழக்கம் உலகின் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. மின்சாரம் இருந்தும் செய்தி இல்லாத இருள், புதிய வகை இருளாகும்.

இதே காலத்தில் பழைய வழிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1941 இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 ஆம் நாள் தனது ஒலிபரப்பை நிறுத்தி, இணையத்திற்கும் தொலைக்காட்சிக்கும் இடம்பெயர்ந்தது. வெரித்தாஸ் வானொலி 2018 இல் சிற்றலையிலிருந்து விலகியது. இன்று எவரேனும் பழைய சைக்கிளைக் கவிழ்த்து, பழைய டைனமோவைப் பொருத்தி, பழைய பெட்டியைத் திருகினாலும், அந்த இரவுகளில் ஒலித்த குரல்கள் அங்கே இல்லை. கேட்போர் தொகை குறைந்தமையும் செலவு கூடியமையும் இதற்குக் கூறப்படும் நியாயங்கள். அவை பொய்யல்ல. ஆயினும் அவசர வேளைக்கெனத் தீயணைப்பு வண்டியை வைத்திருக்கும் நகரம், இவ்வாண்டு தீப்பற்றவில்லை என்பதற்காக அதனை விற்றுவிடுவதில்லை.

புலம்பெயர் தமிழர் அமைப்புகள் தாம் வாழும் நாடுகளின் அரசியலாளரைச் சந்திக்கும்போது முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளுள், இணைய முடக்கத்திற்கு எதிரான கோரிக்கையும் தெளிவாக இடம்பெற வேண்டும். தமிழர்க்கு மட்டுமான கோரிக்கையாக அன்றி, முடக்கத்திற்கு உள்ளாகும் எல்லா மக்களுக்குமான கோரிக்கையாக அது அமைதல் சிறப்பு. இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்கீழ் காணி, மீள்குடியேற்றம், உள்ளூராட்சிச் செலவு முதலியவை பற்றிய விவரங்களைக் கோரும் முறையைத் தாயகத்து உறவுகளுக்கு எடுத்துரைப்பதும், விண்ணப்பங்களை எழுத உதவுவதும் கடல் கடந்தும் செய்யக்கூடிய பணிகளாகும். சமூக வானொலி, ஊர் நூலகம், சனசமூக நிலையம் ஆகிய மூன்றும் சிறிய அளவிலேனும் சொந்த மின்சாரத்துடன் இயங்குவதற்கு உதவுவது பெரிய செலவன்று.

இவற்றோடு வீட்டிற்குள்ளேயே ஆற்ற வேண்டிய கடமை ஒன்றும் உண்டு. 1990 இல் பதினைந்து வயதில் மிதியைச் சுற்றிய சிறுவர் இன்று ஐம்பதைத் தாண்டியுள்ளனர். அன்று சூழ்ந்தமர்ந்து கேட்ட பெரியோர் எண்பதை அண்மித்துள்ளனர், பலர் மறைந்துவிட்டனர். எந்த டைனமோ, எத்தனை வோல்ற்று, எதனை எதிலிருந்து கழற்றிப் பொருத்தினர், யார் யார் முறை மாறிச் சுற்றினர், எந்தச் செய்தியைக் கேட்ட இரவில் எவரும் உறங்கவில்லை என்ற விவரங்கள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. அவர்களது நினைவிலேயே உள்ளன. இன்னும் பத்து ஆண்டுகளில் அவற்றுள் பெரும்பகுதி இல்லாமற் போய்விடும். போரின் இழப்புகளைப் பதிவு செய்வதில் காட்டப்படும் அக்கறை, போர்க்காலத்து மக்களின் அறிவாற்றலைப் பதிவு செய்வதிலும் காட்டப்பட வேண்டும்.

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் இதற்கு ஏற்ற இடமாகும். ஒரு பழைய சைக்கிள், ஒரு டைனமோ, நான்கு டயோட்டுகள், ஒரு கொள்ளளவி, ஒரு சிறிய வானொலிப் பெட்டி: இவ்வளவும் ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவகச் செலவிற்குள் அடங்கும். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே பொருத்தட்டும். பெற்றோரும் பாட்டனாரும் அருகிலிருந்து, அன்று எவ்வாறு செய்தனர் என்பதைத் தமிழில் சொல்லட்டும். ஆடலோட்டம், நேரோட்டம், மின்னழுத்தம் என்ற சொற்கள் அப்போது அகராதிச் சொற்களாக இராமல் கையில் தொட்ட பொருள்களாக மாறும். பிள்ளைகளில் ஒருவர் அவ்வுரையாடலைத் தமது தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பேசியவரின் ஊரும் ஆண்டும் குறித்து வைக்கட்டும். மொழியும் அறிவியலும் குடும்ப வரலாறும் ஒரே பாடவேளையில் கற்பிக்கப்படும் வாய்ப்பு எளிதில் அமைவதன்று.

மிதியைச் சுற்றும் பிள்ளை சில நிமிடங்களிலேயே களைப்படையும். பெட்டியின் ஒலி தாழும். அப்போது வகுப்பிலிருந்து இன்னொரு பிள்ளை எழுந்து வந்து அந்த மிதியைப் பிடிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர் எவ்வாறு தனது செவியைத் திறந்து வைத்திருந்தது என்பதை அந்தக் கைமாற்றம் பிள்ளைகளுக்கு உணர்த்தும். அதன் பின்னர் அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்வதற்குப் பெற்றோர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.